பூவுக்குப் பரிசா? செடிக்குப் பரிசா?



"ஐயா, அடுத்த வருசம் நாமளும் கடையிலேயே வாங்கி வெச்சிரலாமா?"

பள்ளிப் பூங்காப் போட்டியின் முடிவு வெளியான மறுநாள் காலையில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவள் கையில் பூவாளி இருந்தது. குரலில் சினம் இல்லை, அழுகையும் இல்லை. கணக்குப் பாடத்தில் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்த பிள்ளை, அது சரிதானா என்று பார்த்துக்கொள்ள ஆசிரியரிடம் வருமே, அப்படித்தான் கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. "மணி அடிச்சிருச்சும்மா, வகுப்புக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று எழுதுகிறேன். அவளுக்காக மட்டுமன்று; பள்ளிதோறும் பூங்காப் போட்டி நடத்துவோர்க்கும், அதற்கு நடுவராகச் செல்வோர்க்கும், நடுவரை எதிர்கொள்ள இரவோடு இரவாகத் தொட்டிகளை அடுக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் மாணவர்கள் எட்டு மாதங்களாக ஒரு ரோசாப் பாத்தியை வளர்த்து வந்தார்கள். (ரோசாவை முளரி என்று எழுதுவோரும் உளர். பழந்தமிழில் முளரி தாமரையையும் முட்செடியையும் குறித்த சொல். இங்கே குழப்பம் வேண்டா என்று ரோசா என்றே எழுதுகிறேன்.) நட்டவை 24 தண்டுத் துண்டுகள். வேர்பிடித்தவை 15. மழையையும் வெயிலையும் தாங்கி நின்றவை 11. இந்தக் கணக்கு முழுவதும் மாணவர்களின் குறிப்பேட்டில் இருக்கிறது. எந்தச் செடி எந்த நாளில் துளிர்த்தது, எது எப்பொழுது பட்டுப்போனது, ஏன் பட்டுப்போயிருக்கக்கூடும் என்றெல்லாம் தங்கள் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அத்தண்டுகள் வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். காப்பார்ச் சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரமும் தென்னையும், பிறகு செம்பனையும் சூழ்ந்த தோட்டங்கள் இருந்தன. தோட்டத்து லயன் வீடுகளின் வாசலில், பழைய பால்மாவுத் தகரங்களில் ரோசாச் செடி வைத்திருந்த பாட்டிமார் எத்தனையோ பேர். எங்கள் மாணவன் ஒருவனுடைய பாட்டி, தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்தபொழுது தட்டுமுட்டுப் பொருள்களோடு ஒரு ரோசாச் செடியையும் கொண்டுவந்தார். இளஞ்சிவப்பு நிறம், ஒரு கொம்பில் ஏழெட்டுப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். அதன் பெயர் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ யாரோ சந்தையில் மலிவாக வாங்கிய கொத்துரோசா. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காப்பார் மண்ணில் உயிரோடு இருக்கிறது. அதிலிருந்து வெட்டிய துண்டுகளைத்தான் நாங்கள் நட்டோம்.

நடுவர்கள் வந்தது மழை மிகுந்த ஒரு கிழமையின் இறுதியில். கீழ் இலைகளில் பாதி உதிர்ந்திருந்தது. மீதியில் கரும்புள்ளிகள். பூக்கள் இருந்தன, ஆனால் சிறியவை, மழையில் அடிபட்டு வெளிறியவை. கால் மணி நேரத்துக்குள் பார்த்து முடித்தார்கள். குறிப்பேட்டை ஒரு மாணவன் நீட்டினான். ஒருவர் வாங்கிப் புன்னகையோடு திருப்பிக் கொடுத்தார். திறந்து பார்க்கவில்லை.

பரிசு பெற்ற பூங்காவைப் பின்னர் ஒருநாள் வேறு வேலையாகச் சென்றபொழுது கண்டேன். கிண்ணம் போன்ற பெரும் பூக்களோடு வரிசையாக ரோசாச் செடிகள். குனிந்து பார்த்தேன். மண்ணுக்கு மேலே கறுப்பு நெகிழிப் பையின் விளிம்பு தெரிந்தது. கடையிலிருந்து வந்த பையோடு குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தூவியிருக்கிறார்கள்! எந்தப் பள்ளி என்று சொல்லமாட்டேன். அந்த ஆசிரியர்களைப் பழிப்பதும் என் நோக்கமன்று. பழிக்க எனக்குத் தகுதியும் இல்லை.

ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு பள்ளியில் பணியாற்றியபொழுது நானும் இதையே செய்தேன். ஒரு பெற்றோரின் வேனில் கேமரன் மலையிலிருந்து முப்பது தொட்டிகளை ஏற்றி வந்து அடுக்கினோம். இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடையில் ஏறிச் சான்றிதழ் பெற்றேன், படமும் எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதங்களில் முப்பதும் குச்சிகளாயின. விடுமுறையில் யாரும் பார்க்காத நேரத்தில் அவற்றைக் குப்பைக் குழியில் போட்டோம். மாணவர்கள் பள்ளி திரும்பியபொழுது ஒருவர்கூட "செடி எங்கே ஐயா?" என்று கேட்கவில்லை. அவர்களுடைய செடியாக இருந்திருந்தால் அல்லவா கேட்டிருப்பார்கள்!

கொத்துரோசா எதற்காகப் பிறந்தது?

சந்தையில் மிகுதியாக விற்கும் இந்தக் கொத்துரோசாக்களைப் புளோரிபண்டா என்பார்கள். பூக்கடையில் நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக நிற்பதே ரோசா என்று எண்ணுவோர்க்கு இவ்வினத்தின் வரலாறு வியப்பளிக்கும்.

டென்மார்க்கு நாட்டின் பவுல்சன் குடும்பத்தார், குளிர் மிகுந்த தங்கள் நாட்டில் வெளியிலே நின்று தாக்குப்பிடிக்கும் ரோசாவைத் தேடினார்கள். சிறு பூக்களைப் பெருங்கொத்தாகப் பூக்கும் பாலியந்தா வகையைப் பெரும் பூப் பூக்கும் ஹைபிரிட் டீ வகையோடு கலந்தார்கள். 1912 வாக்கில் 'ரோட்ஹெட்டே' என்னும் சிவப்பு ரோசா வந்தது. 1924-இல் 'எல்சே பவுல்சன்', 'கிர்ஸ்டன் பவுல்சன்' ஆகிய இரண்டும் வெளிவந்து உலகெங்கும் பரவின. பின்னர் அமெரிக்க வணிகர்கள் இவ்வகைக்குப் புளோரிபண்டா என்று பெயர் சூட்டினார்கள். 'மிகுதியாகப் பூப்பது' என்பதே அதன் பொருள். 1958-இல் செருமனியின் கோர்டெஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஐஸ்பெர்க்' என்னும் வெள்ளை ரோசா இவ்வினத்தின் புகழ்பெற்ற பிள்ளை. வெப்ப நாடுகள் பலவற்றிலும் இன்றுவரை அது நடப்படுகிறது.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. புளோரிபண்டா ஒற்றைப் பூவின் வடிவழகுக்காக உருவாக்கப்பட்டதன்று. பத்தடி தொலைவிலிருந்து பார்க்கையில் புதர் முழுவதும் நிறமாகத் தெரிய வேண்டும். ஓர் அலை பூத்து முடிந்ததும் அடுத்த அலை வர வேண்டும். இடையிலே இலை பசுமையாக நிற்க வேண்டும். பூங்கா, சாலையோரம், பள்ளி, வீட்டு வேலி ஆகியவற்றுக்கான செடி அது. அதனிடம் போய் "உன் பூ எவ்வளவு பெரிது?" என்று கேட்பது, தொடர் ஓட்டக்காரனின் உயரத்தை அளந்து பரிசு கொடுப்பது போன்றது.

மலையிலிருந்து இறங்கிய பூ

கேமரன் மலையில் தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். ஆகவே அங்கே இரவு 15, 16 பாகைக்கு இறங்கும். காப்பாரோ கடலோரச் சமவெளி. பகலில் 32 பாகை; இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

இதனால் என்ன? பகலில் இலை வெயிலைக் கொண்டு மாவுப்பொருளைச் சேமிக்கிறது. இரவில் செடி மூச்சுவிடுவதற்கு அதிலிருந்து செலவிடுகிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறைவு. மிச்சம் பூவுக்குச் செல்கிறது. இரவும் வெப்பமாக இருந்தால் செலவு கூடுகிறது. மேலும் வெப்பத்தில் மொட்டு விரைந்து விரிவதால் இதழ்கள் முழு வளர்ச்சி பெறுவதற்கு நேரமில்லை. எனவேதான் மலையில் முப்பது இதழோடு பூத்த அதே செடி, கீழே வந்ததும் சின்னஞ்சிறிய பூவைப் பூக்கிறது. செடி கெட்டுவிட்டது என்று பொருளன்று. அது இருக்கும் இடத்தின் உண்மையை அது சொல்கிறது.

கேமரன் மலையிலிருந்து வந்த தொட்டியில் முதல் அலையாகப் பூத்திருக்கும் பூ, மலையின் பூ. மலையின் குளிரும் மலைத்தோட்டக்காரரின் உழைப்பும் சேர்ந்து அங்கேயே உருவாக்கிய மொட்டு அது. அந்தப் பூவுக்குக் காப்பார்ப் பள்ளி ஒன்று பரிசு பெற்றால், பரிசு உண்மையில் யாருக்குச் சேர வேண்டும்? மலையில் அதனை வளர்த்த தொழிலாளிக்கு அல்லவா?

நீலகிரியில் உதகமண்டலத்து அரசு ரோசாப் பூங்கா 1995-இல் அமைக்கப்பட்டது. 2006-இல் உலக ரோசா சங்கங்களின் கூட்டமைப்பு அதற்குச் சிறப்பு விருது வழங்கியது. தமிழகச் சுற்றுலா சென்று வரும் நம்மவர் அதைக் கண்டு மயங்கித் திரும்புகிறார்கள். மயங்கட்டும், தவறில்லை. ஆனால் 2,200 மீட்டர் உயரத்தின் ரோசாவைக் கண்ட கண்ணை அப்படியே கொண்டுவந்து காப்பார்ப் பள்ளிப் பாத்தியை அளப்பதுதான் தவறு.

நடுவர்கள் கையிலுள்ள அளவுகோல்

நடுவர்களுக்கு நெறி தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் எடுத்து வந்த நெறி வேறு களத்துக்கு உரியது என்கிறேன்.

ரோசாக் கண்காட்சிகளில் பூவை மதிப்பிட அமெரிக்க ரோசா சங்கம் வகுத்துள்ள புள்ளி முறை பலராலும் அறியப்பட்டது. வடிவம் 25, நிறம் 20, இதழின் திண்மை 15, காம்பும் இலையும் 20, பொருத்தமும் அளவொழுங்கும் 10, பருமன் 10. ஆக மொத்தம் 100. நல்ல முறைதான். குடுவையில் வெட்டி வைத்த ஒரு கொம்பை, ஒரு மேசைமீது, ஒரே காலைப் பொழுதில் மதிப்பிட வேண்டுமானால் இதைவிடத் தெளிவான முறை அரிது. கொத்துரோசாவைக் கண்காட்சிக்கு அனுப்புவோர், கொத்தின் நடுவிலே முந்திக்கொண்டு வரும் மொட்டை இளமையிலேயே கிள்ளிவிடுவார்கள். அப்பொழுதுதான் மற்ற மொட்டுகள் ஒருசேர விரியும். அதுவும் ஒரு கலை. அதற்கும் பொறுமை வேண்டும்.

ஆனால் பள்ளிப் பூங்கா குடுவை அன்று. அந்த 100 புள்ளிகளில் ஒரு கேள்வி எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்: இந்தச் செடி அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்குமா? கண்காட்சி மேசையில் அக்கேள்விக்கு வேலையில்லை. பூங்காவில் அதைத் தவிர வேறு கேள்விக்கு என்ன வேலை?

பூங்காவுக்கான ரோசாவை உலகில் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். செருமனியில் ஏ.டி.ஆர். என்னும் சோதனை முறை 1940-களின் இறுதியில் தொடங்கியது. புதிய ரோசாக்களைப் பல ஊர்களில் உள்ள சோதனைத் தோட்டங்களில் நட்டு, மூன்று ஆண்டுகள் பார்க்கிறார்கள். 1997 முதல் அங்கே பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ தெளிப்பதில்லை. நோயைத் தாங்கி நிற்கும் தன்மைக்கே பெருமதிப்பு. ஒருமுறை தகுதி பெற்ற ரோசா பின்னாளில் நோய்க்கு இரையானால், கொடுத்த தகுதியைத் திரும்பப் பெறவும் செய்கிறார்கள்! அமெரிக்காவில் டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தார் 'எர்த்கைண்டு' என்னும் முறையில், மருந்து தெளிக்காமல், மிகக் குறைந்த பராமரிப்பில், கடும் வெயிலிலும் தழைக்கும் ரோசாக்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வில்லியம் ராட்லர் என்பவரின் கதை இன்னும் சுவையானது. விசுகான்சின் மாநிலத்தில் தம் வீட்டில் ரோசாக்களைக் கலப்பினம் செய்தவர் அவர். கரும்புள்ளி நோய் கண்ட இலைகளைப் பொறுக்கி வந்து, காயவைத்துப் பொடியாக்கி, தம் இளஞ்செடிகள்மீது தாமே தூவினார். தாங்கியது நின்றது, தாங்காதது போயிற்று. அப்படி நின்றவற்றில் ஒன்றுதான் 2000-ஆம் ஆண்டில் 'நாக் அவுட்' என்னும் பெயரில் சந்தைக்கு வந்து, இலட்சக்கணக்கில் விற்று, ரோசா வணிகத்தையே புரட்டிப்போட்டது. அதன் பூ கண்காட்சி மேசையில் முதற்பரிசு பெறும் பூவன்று. சில இதழ்களே கொண்ட எளிய பூ. அவர் தேர்ந்தெடுத்தது இலையை! பூ பின்னாலேயே வந்தது.

நம்மவர்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் வாழ்ந்து ரோசா இனப்பெருக்கம் செய்துவரும் எம்.எசு. வீரராகவன், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகி ரோசாவுக்கே வாழ்வைக் கொடுத்தவர். குளிர்நாட்டுக்காரர் குளிர்நாட்டுக்கென உருவாக்கிய ரோசாவை வெப்பநாட்டில் நட்டு வருந்துவதற்கு மாறாக, வெப்பநாட்டுக்கென்றே ரோசா வேண்டும் என்றவர். அதற்காக அவர் கையிலெடுத்த காட்டு ரோசாக்களுள் ஒன்று ரோசா கிளினோபில்லா. வங்காளம், பீகார்ப் பகுதிகளின் நீர்நிலைக் கரைகளில், வெள்ளம் சூழ்ந்தாலும் அழுகாமல் நிற்கும் செடி அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வாழும் ரோசாவும் இயற்கையில் உண்டு என்பதற்குச் சான்று. காப்பார் மழையை நினைத்துக்கொண்டு அச்செய்தியைப் படித்தபொழுது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மறுப்புரைகள்

"நம் வெயிலுக்கு ரோசா எதற்கு? நாட்டின் மலரே செம்பருத்தி. இட்லிப்பூ இருக்கிறது, காகிதப்பூ இருக்கிறது. அவற்றை நட வேண்டியதுதானே?" என்று என் நண்பர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்வி. 1960-இல் செம்பருத்தி தேசிய மலரானது. நம் மண்ணில் அது வேலிபோல் வளரும். ஆண்டு முழுவதும் பார்த்துப் புள்ளி வழங்கினால் செம்பருத்திப் பள்ளி ரோசாப் பள்ளியை வெல்லக்கூடும். வெல்லட்டும்! நான் மகிழ்ச்சியோடு கைதட்டுவேன். ரோசாவுக்குச் சலுகை கேட்டு நான் எழுதவில்லை. வளர்த்தவனும் வாங்கியவனும் ஒரே தராசில் ஏறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். பார்க்கப்போனால், ஒரு நாள் காட்சிக்குப் புள்ளி கொடுக்கும் முறைதான் செம்பருத்தியை விரட்டிவிட்டுக் கேமரன் மலைத் தொட்டிகளை நம் பள்ளிக்குள் கொண்டுவந்தது.

"நடுவர்களுக்கு நேரம் ஏது? ஆண்டுக்கு மூன்று முறை யார் வருவது?" என்பது அடுத்த மறுப்பு. மூன்று முறை வர இயலாவிட்டால் ஒரு முறை வாருங்கள். ஆனால் நாளை முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். அதுவும் இயலாவிட்டால் மாணவர்களின் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். எட்டு மாதக் கையெழுத்தை ஓரிரவில் உருவாக்குவது, முப்பது தொட்டிகளை வாங்குவதைவிடக் கடினம்.

"பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அழகான பள்ளியைக் காண விரும்புகிறார்கள், அதில் என்ன குற்றம்?" என்பாரும் உண்டு. குற்றமே இல்லை. விழாவுக்குத் தொட்டி வாங்கி வைத்து அழகு பாருங்கள். அதனை அலங்காரம் என்று சொல்லுங்கள். 'மாணவர்களின் பூங்கா' என்று பலகை எழுதி அதன் பக்கத்தில் நடாதீர்கள். பலகையைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள்.

காப்பார் மண்ணில் கற்றது

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆசிரியனுக்கு அழகன்று. எங்கள் பாத்தி எங்களுக்குக் கற்பித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நீர் வடிய வேண்டும். இங்குள்ளது கடலோரக் களிமண். ஒரு மழைக்கு நீர் தேங்கிவிடும். ஓரடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி கட்டினோம். களிமண்ணோடு மணல், தேங்காய் நார்க் கழிவு, மட்கிய ஆட்டெரு சேர்த்தோம். இப்பகுதி மண் சில இடங்களில் அமிலம் மிகுந்தது. ரோசாவுக்கு அமிலக்காரக் குறியீடு 6-இலிருந்து 6.5 வரை உகந்தது. ஆகவே மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகே சுண்ணாம்பு இட்டோம்.

இரண்டாவது, இலை நனையக்கூடாது. கரும்புள்ளி நோயின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் தலையோடு நீர் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரம் நிற்கும்; நோய்க்கு நாமே விருந்து வைத்தது போலாகும். காலை மணி அடிப்பதற்கு முன்னர், செடியின் அடியில் மட்டும் ஊற்றப் பழக்கினோம். காற்றோட்டத்துக்காக இரண்டரை அடி இடைவெளி விட்டோம். உதிர்ந்த புள்ளி இலைகளை நாள்தோறும் பொறுக்கி அப்புறப்படுத்தினோம். மழையைத் தடுக்க நம்மால் இயலாது. அக்கிழமைகளில் இலை உதிரத்தான் செய்யும். "மழைக்காலத்துல கொட்டும், பயப்படாதீங்க சார், திரும்ப வந்துரும்" என்று செடி தந்த பாட்டி முன்பே சொல்லியிருந்தார். திரும்ப வந்தது.

மூன்றாவது, கவாத்து மென்மையாக இருக்க வேண்டும். குளிர்நாட்டு நூல்களில் தரையோடு ஒட்ட வெட்டச் சொல்வார்கள். அங்கே செடி பனிக்காலத்தில் உறங்குகிறது. இங்கே உறக்கமே இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. பூத்து முடிந்த கொத்தை, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் நல்ல இலைக்கு மேலே நறுக்கிவிட்டால், ஆறேழு கிழமைகளில் அடுத்த அலை வந்துவிடும். மாணவர்கள் தாங்களே நாள்களை எண்ணிக் குறித்து வைத்தது இது.

வெயில் நாள்களில் இலையின் அடியில் சிலந்திப் பேன் வரும். காலையில் நீரை வேகமாக அடிப்புறத்தில் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். வெயில் ஏறுவதற்குள் இலை உலர்ந்துவிடும். பிள்ளைகள் புழங்கும் இடம் என்பதால் நஞ்சு தெளிப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். அந்த முடிவுக்கு நாங்கள் செலுத்திய விலைதான் நடுவர்கள் கண்ட கரும்புள்ளிகள். அதை அவர்கள் கேட்டிருந்தால் ஏழு மாணவர்களாவது விளக்கியிருப்பார்கள்.

என் பரிந்துரை

பள்ளிப் பூங்காவை மதிப்பிட நான் முன்வைக்கும் புள்ளி முறை இது. யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், திருத்தலாம்.

இலையும் செடியின் நலமும்: 30
ஓராண்டில் மீண்டும் மீண்டும் பூத்தமை: 20
புதரின் வடிவமும் பாத்தியின் ஒழுங்கும்: 15
மாணவர்களின் குறிப்பேடும் அவர்கள் நேரில் சொல்லும் விளக்கமும்: 25
வருகை நாளில் கண்ட பூவின் அழகு: 10

ஆறு மாதத்துக்குள் வாங்கி வைத்த செடிக்குப் புள்ளி இல்லை. பட்டுப்போன செடியை மறைக்காமல், பட்ட காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் அதற்குப் புள்ளி குறைப்பதில்லை. பூவுக்கு 10 கொடுத்திருக்கிறேன். ஏனெனில் பூவும் வேண்டும். பூவே வேண்டா என்று சொன்னால் பிள்ளைகள் என்னைவிட்டு ஓடிவிடுவார்கள்.

சிலர் இதனைச் சிறிய செய்தி என்று எண்ணலாம். ஒரு பூங்காப் போட்டிக்கு இவ்வளவு சினமா என்றும் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுவோர்க்குத் தெரியும். நம் பிள்ளைகள் வெளியுலகுக்குப் போகுமுன் போட்டி, நடுவர், பரிசு ஆகியவற்றை முதன்முதலில் காண்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். திருக்குறள் ஒப்புவித்தலும், கதை சொல்லும் போட்டியும், இந்தப் பூங்காவும்தாம் அவர்களுக்கு உலகம் எப்படி இயங்குகிறது என்று காட்டுகின்றன. எட்டு மாத உழைப்பைவிட ஒரு வேன் வாடகை மேலானது என்று பத்து வயதில் ஒரு பிள்ளை கண்டுகொண்டால், அதை மறக்கச் செய்ய என்னிடம் பாடநூல் எதுவும் இல்லை.

இனி, அந்த மாணவிக்கு என் விடை.

வேண்டாம்மா. நாம் வாங்கி வைக்கப்போவதில்லை. அடுத்த ஆண்டும் ஒருவேளை தோற்போம். தோற்றால் யாரிடம் தோற்றோம், ஏன் தோற்றோம் என்பதையும் உன் குறிப்பேட்டிலேயே எழுதிவை. பாட்டி வீட்டில் இன்னும் பத்துத் துண்டு வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை வாளியோடு வந்துவிடு. மேட்டுப் பாத்தியின் வடக்குப் பக்கம் மண் சரிந்திருக்கிறது. முதலில் அதைக் கட்ட வேண்டும்.